ஈ.பி. இல்லாத தோட்டத்து வீட்டில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன தடவை மாடியில சோலார் போட்டு ஈ.பி. லைனோட சேர்க்கிறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த பதில்கள்ல பாதி ஒரே மாதிரி இருந்துச்சு. "எங்களுக்கு லைனே இல்லையே, எங்களுக்கு என்ன சொல்றீங்க?" நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு முழுக்க அவங்களுக்கான பேச்சு.

அதுல ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிறேன். ஆலங்குளத்துல இருந்து வந்தது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லைங்க. ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, 1970-ல ஆரம்பிச்ச அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துலயே வீடு. கம்பம் நட்டு லைன் இழுக்கிற நிலைமை இப்போதைக்கு இல்லை. வீட்டுல அம்மாவுக்கு ரெண்டு வேளையும் இன்சுலின். ரெண்டு மாடு இருக்கு, சாயங்காலப் பால் மறுநாள் காலைக்குள்ள திரிஞ்சு போகுது. அதனால 190 லிட்டர் ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கி, 335 வாட் பேனல் ஒண்ணு, 150 ஆம்ப் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒண்ணு, இன்வெர்ட்டர் எல்லாம் போட்டிருக்காங்க. முதல் ரெண்டு நாள் விடிய விடிய ஓடுச்சாம். அப்புறம் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் கத்திட்டு நின்னுடுது. கடைக்கார அண்ணாச்சி "இன்னொரு பேட்டரி போட்டாச் சரியாயிடும்"னு சொல்லியிருக்கார். போடலாமான்னு கேக்குறாங்க.

என் பதில்: இப்போ போடாதீங்க. ஏன்னு கணக்குப் போட்டுப் பாப்போம். நாலாம் வகுப்புக் கணக்குதான்.

செலவு எவ்வளவு?

ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும். இந்த அளவு ஃப்ரிட்ஜுக்கு 180-னு வச்சுக்கோங்க. அதை 365-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு அரை யூனிட். ஒரு யூனிட்னா ஆயிரம் வாட் ஹவர். அப்போ 500 வாட் ஹவர். ஆனா அது சோதனைக்கூடத்துக் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, ஏப்ரல் மாசத்துல, நாளுக்கு இருபது தடவை கதவைத் திறக்கிற வீட்டுல அது 600-ஐத் தொடும்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச செலவு. தெரியாத செலவு இன்வெர்ட்டரோடது. ஃப்ரிட்ஜ் நின்னுக்கிட்டு இருக்கிற நேரத்துலயும் இன்வெர்ட்டர் முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். அதோட தலை கொஞ்சம் சூடா இருக்குமே, அந்தச் சூடு உங்க பேட்டரிதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 15 வாட் சாப்பிடும்னு வைங்க. 15 பெருக்கல் 24, மொத்தம் 360 வாட் ஹவர். ஃப்ரிட்ஜ் சாப்பிடுறதுல பாதிக்கு மேல! இது போக, பேட்டரி கரண்டை ஏசியா மாத்தும்போது சுமார் 80 வாட் ஹவர் வீணாகும். ஆக 600, 360, 80. மொத்தம் 1,040.

வரவு எவ்வளவு?

நம்ம பக்கம் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனா "காலையில ஆறு மணியில இருந்து சாயங்காலம் ஆறு வரை பன்னெண்டு மணி நேரம்"னு கணக்குப் போடக் கூடாது. உச்சி வெயிலாக் குறுக்கிப் பார்த்தா சராசரியா 5 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல 4-னு வச்சுக்கணும்.

335 வாட் பேனல், 5 மணி நேரம், அப்போ 1,675 வருமே, 1,040-க்கு அது போதாதான்னு கேப்பீங்க. இங்கேதான் சிக்கல் இருக்கு. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கும். அது சாதாரண பிடபிள்யூஎம் வகையா, எம்பிபிடி வகையான்னு பாருங்க. இந்த நேயர் அனுப்பின படத்துல இருந்தது பிடபிள்யூஎம்.

அதுல என்ன நடக்குதுன்னா, 335 வாட் பேனல் ஏறக்குறைய 37 வோல்ட்ல 9 ஆம்ப் தரும். பேட்டரி 13 வோல்ட்ல நிக்குது. சாதாரண கன்ட்ரோலர் ரெண்டையும் நேரா இணைச்சுவிடும், அவ்வளவுதான். பேனலோட வோல்ட் 13-க்கு இறங்கிடும், ஆம்ப் அதே 9. பதிமூணை ஒன்பதால பெருக்கினா 117. அதாவது 335 வாட்டுக்குக் காசு கொடுத்துட்டு 117 வாட் வாங்கிட்டு இருக்காங்க. மிச்சம் பேனல் முதுகுல சூடாப் போகுது. எம்பிபிடி கன்ட்ரோலர் அந்த 37 வோல்ட்டைக் குறைச்சு, அதுக்கு ஈடா ஆம்பைக் கூட்டிக் கொடுக்கும்.

117 வாட், 5 மணி நேரம், 585. பேட்டரிக்குள்ள போயிட்டு வர்ற நஷ்டம் போகச் சுமார் 500 தேறும். வரவு 500, செலவு 1,040. முதல்ல பேட்டரி கடையிலயே ஃபுல் சார்ஜ்ல வந்ததால ரெண்டு நாள் ஓடுச்சு. அதைத் தின்னு முடிச்சதும் அன்னன்னைக்கு வர்ற வரவுல பாதி நாள்தான் ஓடுது. இன்னொரு பேட்டரி போட்டா என்ன ஆகும்? அது கொண்டு வர்ற சார்ஜ்ல இன்னும் ரெண்டு மூணு நாள் ஓடும். அப்புறம் பழைய கதைதான். கிணத்துல ஊத்து இல்லாதப்போ குடத்தைப் பெருசாக்கினாத் தண்ணி கூடாது.

அது மட்டும் இல்லை. லெட் ஆசிட் பேட்டரி தினமும் அடிவரைக்கும் காஞ்சு, ஒரு நாள் கூட நிறையாம இருந்தா, உள்ளே தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும். அஞ்சு வருஷம் வர வேண்டியது ஒண்ணரை வருஷத்துல போகும். அரை வயித்துக்கு மேல காலி ஆகாமப் பாத்துக்கணும். 150 ஆம்ப் ஹவர் பேட்டரியில 1,800 வாட் ஹவர் இருக்குன்னா, உங்களுடையது 900-தான்.

எதை முதல்ல மாத்துறது?

முதல் வேலை, எம்பிபிடி கன்ட்ரோலர். அதே பேனல், அதே பேட்டரி. சூடு, வயர், பேட்டரி நஷ்டம் எல்லாத்தையும் கழிச்சு நூத்துக்கு 65 தேறும்னு வச்சாலும், 335 பெருக்கல் 5 பெருக்கல் 0.65, கிட்டத்தட்ட 1,090. ஒரே மாத்தத்துல வரவு ரெண்டு மடங்குக்கு மேல. கோடையில இது 1,040-ஐ மயிரிழையில தாண்டிடும். ஆனா மழைக்காலத்துல 870-தான் வரும், பத்தாது.

அதனால ரெண்டாவது வேலை. இங்கே ரெண்டு வழி பிரியுது.

ஒண்ணு, இருக்கிற ஃப்ரிட்ஜையே வச்சுக்கிறது. அப்படின்னா இன்னொரு 335 வாட் பேனல் வேணும். மழைக்காலத்துலயும் 1,740 வரும். பேட்டரி தாங்குற கரண்டுக்கு மேல ஏறாம கன்ட்ரோலர்ல வரம்பு வைக்கச் சொல்லுங்க. ராத்திரிக்கு வேண்டியது, சாயங்காலம் அஞ்சுல இருந்து காலை எட்டு வரைக்கும், 650. நம்மகிட்ட 900 இருக்கு, போதும். ஒரு நாள் முழுக்க மூடாக்காப் போனா மட்டும் தடுமாறும். அதையும் தாங்கணும்னாத்தான் அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது பேட்டரி. அது கடைசிப் படி, முதல் படி இல்லை.

இந்த வழியில இன்வெர்ட்டரும் சரியா இருக்கணும். கம்ப்ரஸர் ஓடும்போது 90 வாட்தான், ஆனா கிளம்பும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஆறேழு மடங்கு இழுக்கும். அதனால 800, 1,000 விஏ அளவு வேணும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல கம்ப்ரஸர் உறுமும், சூடாகும், ஆயுசு குறையும். சைன் வேவ்தான் சரி.

ரெண்டாவது வழி, இன்வெர்ட்டரையே தூக்கிடுறது. 12 அல்லது 24 வோல்ட் டிசி கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்னு இருக்கு. படகுல, லாரியில, தடுப்பூசிப் பெட்டியில எல்லாம் பல வருஷமா ஓடுற சாமான். ஓடும்போது 45 வாட் போல எடுக்கும், மெதுவாக் கிளம்பும், உதறல் இல்லை. 60, 70 லிட்டர் அளவுக்கு ஒரு நாளைக்கு 400 வாட் ஹவர்னு வச்சுக்கலாம். இன்வெர்ட்டர் செலவு பூஜ்ஜியம். 1,040 எங்கே, 400 எங்கே! இருக்கிற ஒரே பேனல் எம்பிபிடி-யோட மழைக்காலத்துல 870 தருது, ரெண்டு மடங்கு மிச்சம். ஒரு நாள் முழுக்க வெயிலே இல்லைன்னாலும், முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து மறு நாள் கழிச்சு விடியற வரைக்கும் 39 மணி நேரத்துக்கு 650. இருக்கிற ஒரே பேட்டரியே தாங்கும்.

குறை என்னன்னா, இந்த ஃப்ரிட்ஜ் லிட்டருக்கு லிட்டர் பாத்தா விலை கூட. நம்ம ஊர்க் கடையில எல்லா இடத்துலயும் கிடைக்காது, ரிப்பேருக்கு ஆள் தேடணும். ஆனா ஒரு பேனல், ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் மிச்சமாகிறதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ஃப்ரிட்ஜ் வாங்கினவங்களுக்கு முதல் வழி.

இதையே வீடு முழுக்கச் செஞ்சவங்களும் உண்டு. சென்னை ஐஐடியில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 48 வோல்ட் டிசி-யிலேயே விளக்கு, ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடுற மாதிரி ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. ராஜஸ்தான் பாலைவனத்துல லைன் போகாத ஆயிரக்கணக்கான வீடுகள்ல அதைப் போட்டாங்க. காரணம் நாம பாத்த அதே காரணம்தான். டிசி-யை ஏசி ஆக்கி, திரும்ப டிசி ஆக்குற போக்குவரத்துல வீணாகுறதை மிச்சப்படுத்துறது.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைன்ல "12 வோல்ட் மினி ஃப்ரிட்ஜ்"னு சல்லிசா ஒண்ணு வரும். கம்ப்ரஸரே இருக்காது, ஒரு சின்னத் தகடும் ஃபேனும்தான். தெர்மோ எலக்ட்ரிக்னு பேரு. அது நிக்கவே நிக்காது, நாள் பூரா 48 வாட் எடுக்கும். 1,150 வாட் ஹவர்! அதுவும் வெளியில இருக்கிறதை விட 15, 20 டிகிரிதான் குறைக்கும். சித்திரை மாசம் 38 டிகிரின்னா உள்ளே 20. பால் திரியும், இன்சுலினுக்கும் ஆகாது. வாங்கும் முன்னாடி "கம்ப்ரஸர் இருக்கா?"னு ஒரு வார்த்தை கேட்டுருங்க.

குளிரைச் சேமிக்கலாம்

கரண்டைத்தான் சேமிக்கணும்னு இல்லை, குளிரையே சேமிக்கலாம். ஒரு லிட்டர் ஐஸ் கரையும்போது 93 வாட் ஹவர் சூட்டை உறிஞ்சும். பகல்ல வெயில் மிச்சமா இருக்கிற நேரத்துல ஃப்ரீஸர்ல ரெண்டு மூணு லிட்டர் தண்ணிப் பாட்டிலை உறைய வச்சா, ராத்திரி கம்ப்ரஸரோட வேலை குறையும். பாட்டிலை முக்கால்தான் நிரப்பணும், இல்லைன்னா வெடிக்கும்.

உலகம் முழுக்கத் தடுப்பூசிக்கு இதே வித்தையைத்தான் பண்றாங்க. 1980-கள்ல கரண்டு இல்லாத சுகாதார நிலையங்களுக்குப் பேனலும் பேட்டரியும் வச்ச ஃப்ரிட்ஜ் கொடுத்தாங்க. மூணு, அஞ்சு வருஷத்துல பேட்டரி போச்சு. புதுசு வாங்க ஆளும் இல்லை, காசும் இல்லை. பேனல் நல்லா இருக்க, ஃப்ரிட்ஜ் நல்லா இருக்க, எல்லாம் மூலையில கிடந்துச்சு. அதுக்கப்புறம்தான் பேட்டரியே இல்லாம, பேனல்ல இருந்து நேரா ஓடி, ஐஸாவோ குளிர்ந்த தண்ணியாவோ குளிரைச் சேமிக்கிற வகை வந்துச்சு. அதுல ஒரு வகை, தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப அடர்த்தியா இருக்கும்ங்கிற ஒரு சின்ன உண்மையை வச்சே வேலை செய்யுது. மேல ஐஸ் இருந்தாலும் கீழே இறங்குறது 4 டிகிரித் தண்ணிதான், அதனால மருந்து உறையாது.

இன்சுலின் விஷயம்

இந்தக் கேள்வியில முக்கியமானது இதுதான். பாலு திரிஞ்சா ஒரு நாள் நஷ்டம். இன்சுலின் கெட்டா வெளியில பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊசி போட்டுக்கிட்டே இருப்பாங்க, சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கும்.

திறக்காத பாட்டில் 2-க்கும் 8-க்கும் நடுவுல இருக்கணும். சூடு ஆகாது, உறையவும் கூடாது. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் கரைஞ்ச பிறகு நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால ஃப்ரீஸருக்குக் கீழே முதல் தட்டுலயும், பின்சுவரை ஒட்டியும் வைக்காதீங்க. நடுத்தட்டுல, ஒரு டப்பாவுக்குள்ள. பக்கத்துல நூறு, இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒண்ணு. நான் மேல சொன்ன ஐஸ் பாட்டில் இன்சுலினைத் தொடவே கூடாது.

இப்போ பயன்படுத்திக்கிட்டு இருக்கிற பாட்டிலைப் பெரும்பாலான வகைகள்ல நாலு வாரம் வரைக்கும் வெளியில வச்சுக்கலாம், 25-ல இருந்து 30 டிகிரிக்குள்ள இருந்தா. உங்க மருந்துச் சீட்டுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, டாக்டர்கிட்டயும் கேளுங்க. நம்ம ஊர்க் கோடையில வீட்டுக்குள்ளேயே 35 இருக்கே, அதுக்குத்தான் மண்பானை. ரெண்டு பானை, நடுவுல ஈர மணல், உள்ளே தண்ணி புகாத டப்பாவுல மருந்து. காத்து வறண்டு இருந்தா நல்லாக் குளிரும். மழைக்காலத்துல ஈரக்காத்துல பானை அவ்வளவாக் குளிராது, ஆனா அப்போ வெயிலும் அவ்வளவு இருக்காது. இது ஃப்ரிட்ஜுக்கு மாத்து இல்லை. ஃப்ரிட்ஜ் நின்ன ராத்திரிக்கு ஒரு துணை. சோலாரை மட்டும் நம்பி மூணு மாச மருந்தை மொத்தமா வாங்கி வைக்காதீங்க. ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்குங்க.

சின்னச் சின்ன வேலைகள்

காசு இல்லாமச் செய்யக் கூடியதைச் சொல்லிடறேன். ஃப்ரிட்ஜை மேற்குச் சுவர்ல இருந்தும் அடுப்புல இருந்தும் தள்ளி வைங்க. பின்னாடி ஒரு சாண் இடைவெளி விடுங்க. கறந்த பாலைச் சூட்டோட உள்ளே வைக்காதீங்க, முதல்ல தண்ணித் தொட்டியில ஆற விடுங்க. கதவு ரப்பர்ல ஒரு தாளை வச்சு மூடி இழுத்துப் பாருங்க. சுலபமா வந்தா ரப்பர் போச்சு.

12 வோல்ட்ல வயர் ரொம்ப முக்கியம். இன்வெர்ட்டர் கிளம்பும்போது அறுபது, எழுபது ஆம்ப் ஓடும். பேட்டரியில இருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் குட்டையா, தடியா இருக்கணும். டிசி ஃப்ரிட்ஜ்னா அதைப் பேட்டரிக்குப் பக்கத்துலயே வச்சு, 4 அல்லது 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போடுங்க. மெல்லிசு வயர்ல வோல்ட் இறங்கி, பேட்டரி நல்லா இருக்கும்போதே ஃப்ரிட்ஜ் நின்னுடும். பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் கட்டாயம். பேட்டரி இருக்கிற இடத்துல காத்தோட்டம் வேணும், படுக்கிற அறையில வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேற எந்தத் தண்ணியும் ஊத்தாதீங்க.

பேனலைத் தெற்குப் பாத்து, 10 டிகிரி சாய்வா வைங்க. பனை மட்டையோட நிழல் ஒரு ஓரத்துல விழுந்தாலே மூணுல ஒரு பங்கு போயிடும். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி வேற. பனியில நனைஞ்சு காய்ஞ்சா அது பூச்சு மாதிரிப் பிடிச்சுக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை, விடியக்காலையில, துணியும் தண்ணியும் வச்சு மட்டும் துடைங்க. சுடுற பேனல்ல தண்ணி ஊத்தாதீங்க.

இன்னொண்ணு. பிஎம் குசும் திட்டத்துல சோலார் பம்பு போட்டவங்க கேக்குறாங்க, "பம்பு ஓடாத நேரத்துல அந்தப் பேனலை எடுத்துக்கலாமா?" தானே கை வைக்காதீங்க. அதுல வர்றது நூத்துக்கணக்கான வோல்ட் டிசி, பிடிச்சா விடாது. அந்த மாதிரி வேற வேலைக்கும் பயன்படுத்துறதுக்குன்னே யுனிவர்சல் கன்ட்ரோலர்னு ஒண்ணு திட்டத்துலயே உண்டு. உங்க ஊர் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துல அதைப் பத்திக் கேளுங்க.

கடைசியா ஒரு வேலை தர்றேன். எதையும் வாங்கும் முன்னாடி ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. காலை ஆறு மணிக்குப் பேட்டரி வோல்ட், சாயங்காலம் ஆறு மணிக்குப் பேட்டரி வோல்ட், ஃப்ரிட்ஜ் உள்ளே எத்தனை டிகிரி. சாயங்கால வோல்ட் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்தா வரவு பத்தலை: பேனலையும் கன்ட்ரோலரையும் பாருங்க. சாயங்காலம் நிறைஞ்சு, காலையில காலியா இருந்தா அப்போதான் பேட்டரி பேச்சு. அந்த நோட்டை அண்ணாச்சி கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அவரும் நல்லவர்தான். கணக்கு கையில இருந்தா அவருக்கும் சரியாச் சொல்ல வசதியா இருக்கும்.

அடுத்த அத்தியாயத்துல லித்தியம் பேட்டரி, பழைய டியூபுலரோட ஒப்பிட்டு. உங்க நோட்டுல எழுதின எண்களை அனுப்புங்க, அதை வச்சே பேசுவோம்.